ஃப்ளீட் வாக்கர்: 42 ஆட்டங்களே ஆடிய கேட்சர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஃப்ளீட் வாக்கர்?

முழுப்பெயர் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர். 1884-இல், அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்திலுள்ள டொலிடோ நகர அணிக்காக 42 மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டங்கள் ஆடினார். அமெரிக்கப் பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் அவர் ஆடியது அவ்வளவுதான். ஆனால், தான் கறுப்பினத்தவர் என்பது ஊரறிந்த செய்தியாக இருக்க, அந்த மட்டத்தில் ஆடிய முதல் மனிதர் அவர். அவரும் அவர் தம்பியும் வெளியேறிய பிறகு, அடுத்த கறுப்பின ஆட்டக்காரர் மேஜர் லீக் மைதானத்தில் கால் வைக்க 63 ஆண்டுகள் ஆயின.

ஜாக்கி ராபின்சன்தானே முதலாமவர் என்று படித்திருக்கிறோம்?

பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் எழுதியிருக்கும். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ராபின்சன் இறங்கியது மிகப் பெரிய நிகழ்வு. அந்தப் பெருமையில் ஒரு துளிகூடக் குறைக்க வேண்டாம். அவர் உடைத்தது பல பத்தாண்டுகளாக நின்றிருந்த சுவர். வாக்கர் காலத்தில் அந்தச் சுவரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணெதிரே கட்டினார்கள், பல நேரம் அவரையே காரணம் காட்டிக் கட்டினார்கள். அதனால்தான் இரண்டு பேரின் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பெயரும் இதில் உண்டு. 1879 ஜூன் 21 அன்று பிராவிடன்ஸ் கிரேஸ் அணிக்காக வில்லியம் எட்வர்ட் வைட் என்ற கல்லூரி மாணவர் ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். அவருடைய தாய் ஜார்ஜியாவில் அடிமையாக இருந்த பெண், தந்தை அவளை உடைமையாக வைத்திருந்த வெள்ளையர். இது மிகப் பின்னால், இந்த நூற்றாண்டில்தான் ஆய்வாளர்கள் தேடிக் கண்டுபிடித்தது. ரத்தத்தைக் கணக்கில் எடுத்தால் வைட்தான் முந்தியவர். ஆனால் அவர் வெள்ளையராகவே வாழ்ந்தார், வெள்ளையராகவே ஆடினார். மைதானத்தில் அவரைப் பார்த்து யாரும் வசை பாடவில்லை. வாக்கருக்குக் கிடைத்தது வேறு.

எங்கே பிறந்தார், எப்படிப்பட்ட குடும்பம்?

1856 அக்டோபர் 7 அன்று, ஓஹியோவின் மவுண்ட் பிளசண்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். குவேக்கர் கிறிஸ்தவர்கள் நிறைந்த ஊர் அது. அவர்கள் அடிமை முறையை எதிர்த்தவர்கள். சில மைல் தூரத்தில் ஓஹியோ ஆறு. அதற்கு அக்கரையில் அன்றைய வர்ஜினியா, அடிமை மாநிலம். ஆற்றைக் கடந்து தப்பி வருபவர்களுக்கு மவுண்ட் பிளசண்ட் அடைக்கலம் கொடுத்தது. வாக்கர் பிறந்தபோது உள்நாட்டுப் போர் தொடங்கவே இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன.

அப்பா மரப்பீப்பாய் செய்யும் தொழிலாளியாகத் தொடங்கி, பிறகு மருத்துவராகி, அதன்பின் மெதடிஸ்ட் சபைப் போதகராகவும் ஆனவர். அம்மா கேரோலைன் பிரசவம் பார்ப்பவர். குடும்பம் ஸ்டூபன்வில் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1860-இல் தம்பி வெல்டி பிறந்தார். படிப்பு, சபை, கொஞ்சம் மரியாதை என்று காலூன்றிய குடும்பம். அந்தக் காலத்துக் கறுப்பினக் குடும்பங்களில் இப்படி அமைந்தது மிகச் சிலவே.

கல்லூரியில் படித்தாரா?

படித்தார். அதுவும் ஓபர்லின் கல்லூரியில். 1835-இலிருந்தே கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட கல்லூரி அது. பட்டம் வாங்கி முடிக்கவில்லை. காரணம் ஒருவேளை எளிதானது: பேஸ்பால். 1881-இல் ஓபர்லின் முதன்முதலாக மற்றக் கல்லூரிகளோடு மோதும் அணியைக் களமிறக்கியது. வாக்கர் கேட்சர், தம்பி வெல்டியும் அதே அணியில். அந்த ஆண்டு எடுத்த அணிப் புகைப்படத்தில் வெள்ளைக்கார மாணவர்களுக்கு நடுவே அண்ணன் தம்பி இருவரையும் பார்க்கலாம்.

மிச்சிகன் பல்கலைக்கழக அணியோடு ஆடியபோது அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அவரை அங்கே அழைத்துக்கொண்டார்கள். 1882-இல் மிச்சிகனில் சட்டம் படிக்கச் சேர்ந்து அந்த அணிக்கும் கேட்சராக ஆடினார். அதே ஆண்டு ஓபர்லினில் உடன் படித்த அரபெல்லா டெய்லரை மணந்தார். மூன்று பிள்ளைகள்.

கேட்சர் என்றால் கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் போலவா?

நிற்கும் இடம் அப்படித்தான்: அடிப்பவருக்குப் பின்னால். வேலை அதைவிடக் கடினம். கிரிக்கெட்டில் எந்தப் பந்து போடுவது என்பதைப் பந்துவீச்சாளர் முடிவு செய்வார். பேஸ்பாலில் கேட்சர் விரல் சைகை காட்டுவார். வேகமானதா, வளைவானதா என்று பிட்சரும் (பந்தை எறிபவர்) கேட்சரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளும் மொழி அது. என்ன வருகிறது என்று கேட்சருக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்து அவர் உடம்பில்தான் விழும்.

வாக்கர் காலத்தை நினைத்துப் பாருங்கள். பிட்சர் நிற்கும் தூரம் 50 அடி. இன்றுள்ள 60 அடி 6 அங்குலம் 1893-இல்தான் வந்தது. இன்றைய பெரிய மெத்தை போன்ற கையுறை அன்று கிடையாது. பல கேட்சர்கள் வெறுங்கையோடு பிடித்தார்கள், சிலர் மெல்லிய தோல் கையுறை போட்டுக்கொண்டார்கள். வாக்கரும் அப்படித்தான். முகக்கவசம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. விரல் பிசகுவதும் நகம் பிளப்பதும் கேட்சருக்கு வாராவாரம் நடப்பவை. ஓர் அணியில் ஒரே கேட்சர் எல்லா ஆட்டமும் ஆட முடியாததற்குக் காரணம் இதுதான். 42 என்ற எண்ணைப் பார்க்கும்போது இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறவெறியை முதலில் எங்கே எதிர்கொண்டார்?

பதிவான முதல் பெரிய சம்பவம் 1881 ஆகஸ்டில், கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில். கிளீவ்லாந்தின் ஒயிட் தையல் இயந்திர நிறுவன அணிக்காகக் கோடை விடுமுறையில் ஆடப் போயிருந்தார். காலையில் ஓட்டலில் அவருக்குச் சாப்பாடு கொடுக்க மறுத்தார்கள். மைதானத்தில் எதிரணியான லூயிவில் எக்லிப்ஸ், அவர் ஆடினால் நாங்கள் ஆட மாட்டோம் என்றது. சரி, வாக்கர் உட்கார்ந்தார்.

ஆனால் அவருக்குப் பதிலாகப் போன கேட்சருக்குக் கை வலி தாங்கவில்லை, தொடர மறுத்துவிட்டார். கூட்டத்திலிருந்து வாக்கரைக் கூப்பிடும் குரல்கள் எழுந்தன. அவர் இறங்கி இரண்டு மூன்று பந்தை எறிந்து பயிற்சி எடுத்ததுமே ஆரவாரம். பார்க்க வந்தவர்களுக்கு ஆட்டம் வேண்டியிருந்தது. எக்லிப்ஸ் ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் மைதானத்தை விட்டு உடைமாற்றும் அறைக்கே போய்விட்டார்கள். கடைசியில் கிளீவ்லாந்தின் வேறொரு ஆட்டக்காரர் கேட்சராக நிற்க, வாக்கர் ஆடாமலேயே ஆட்டம் முடிந்தது. பழக்கமில்லாத கேட்சரோடு ஆடிய கிளீவ்லாந்து தோற்றது.

தெற்கத்திய நகரம் முழுக்க அவரை வெறுத்தது என்று சொல்லிவிட இந்தச் சம்பவம் விடுவதில்லை. அரங்கில் கைதட்டியவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான்.

டொலிடோ அணிக்கு எப்படி வந்தார்?

1883-இல் டொலிடோ புளூ ஸ்டாக்கிங்ஸ் நார்த்வெஸ்டர்ன் லீகில் ஆடியது. அது மைனர் லீக், அதாவது மேஜர் லீகுக்குக் கீழ்ப்படி. சீசன் தொடங்கும் முன் மார்ச் மாதம் லீகின் கூட்டத்தில், பியோரியா அணியின் பிரதிநிதி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: கறுப்பின ஆட்டக்காரர் யாரையும் சேர்க்கக் கூடாது. குறி வாக்கர்தான், அதில் சந்தேகமில்லை. காரசாரமான விவாதத்துக்குப் பிறகு தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. வாக்கர் ஆடினார், டொலிடோ சாம்பியன் ஆனது.

ஆன்சன் விவகாரம் என்கிறார்களே, அது என்ன?

கேப் ஆன்சன் சிகாகோ ஒயிட் ஸ்டாக்கிங்ஸ் அணியின் தலைவர், அந்தக் காலத்தின் மிகப் பெரிய நட்சத்திரம். 1883 ஆகஸ்ட் 10 அன்று அவருடைய அணி டொலிடோவுக்குக் காட்சி ஆட்டம் ஆட வந்தது. கறுப்பின ஆட்டக்காரரோடு மைதானத்தில் நிற்க மாட்டோம் என்று ஆன்சன் சொல்லிவிட்டார்.

வாக்கருக்கு அன்று கையில் காயம். மேலாளர் சார்லி மார்ட்டன் அவருக்கு ஓய்வு கொடுக்கத்தான் நினைத்திருந்தார். ஆன்சனின் பேச்சைக் கேட்டதும் மனத்தை மாற்றிக்கொண்டு, வாக்கரை வலது வெளிப்புறத்தில் நிறுத்தினார். ஆட மறுத்தால் நுழைவுச்சீட்டு வசூலில் சிகாகோவுக்குப் பங்கு இல்லை என்றும் சொல்லிவிட்டார். ஆன்சன் ஆடினார். பத்து இன்னிங்ஸ் போன அந்த ஆட்டத்தில் சிகாகோ 7–6 என்று வென்றது.

மார்ட்டன் செய்தது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒரு மேலாளர் உறுதியாக நின்றால், பணமும் கூடவே நின்றால், ஆன்சன் போன்றவரே வழிக்கு வருவார் என்று அன்றே தெரிந்துவிட்டது. அப்படி நிற்க அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆள் கிடைக்காமல் போனதுதான் பிரச்சினை.

1884-இல் மேஜர் லீகில் எப்படி ஆடினார்?

அந்த ஆண்டு டொலிடோ, அமெரிக்கன் அசோசியேஷனில் சேர்ந்தது. 1882 முதல் 1891 வரை நடந்த இந்த லீகை இன்றைய பதிவேடுகள் மேஜர் லீகாகவே கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அந்த லீகில் டொலிடோவின் முதல் ஆட்டம் மே 1 அன்று. எந்த ஊரில் தெரியுமா? அதே லூயிவில். மூன்று வருடம் முன் அவரை உட்கார வைத்த அதே ஊர், அதே எக்லிப்ஸ் அணி. வாக்கருக்கு அன்று ஒரு ஹிட்கூட இல்லை. பந்தைக் கையாளுவதில் நான்கு பிழைகள். டொலிடோ தோற்றது.

பிறகு நிலைமை மாறியது. சீசன் முழுவதும் 152 முறை அடிக்க நின்று 40 ஹிட், சராசரி .263. கிரிக்கெட் சராசரிக்குப் பழகியவர்களுக்கு இது புரியாது: நூறு முறை நின்றால் 26 முறை ஒழுங்காக அடித்திருக்கிறார் என்று பொருள். பிட்சர்களின் கை ஓங்கியிருந்த ஆண்டு அது. அந்த லீகின் பொதுச் சராசரியைவிட வாக்கருடையது மேல். கேட்சர்கள் பொதுவாக அடிப்பதில் பின்தங்குவார்கள், விரல்கள் வீங்கியிருக்கும்போது மட்டையைப் பிடிப்பதே பாடு. அதையும் சேர்த்துப் பார்த்தால் இது நல்ல ஆட்டம்.

பிட்சர் ஒருவர் அவருடைய சைகையை மதிக்கவில்லை என்பது உண்மையா?

உண்மை. சொன்னது யாரோ மூன்றாம் ஆள் இல்லை, அந்தப் பிட்சரேதான்.

டோனி முல்லேன் அயர்லாந்தில் பிறந்தவர், 1884-இல் டொலிடோவுக்காக 36 வெற்றிகள் குவித்தவர். அணி மொத்தமே 46 ஆட்டங்கள்தான் வென்றது, அப்படியென்றால் அணியே அவர் தோளில் நின்றது என்று வைத்துக்கொள்ளலாம். பல ஆண்டுகள் கழித்து, 1919-இல் வெளியான பேட்டியில் முல்லேன் மனம் திறந்தார். தான் பந்து போட்ட கேட்சர்களிலேயே சிறந்தவர் வாக்கர்தான் என்றார். ஆனால் கறுப்பினத்தவரைத் தனக்குப் பிடிக்காது, அதனால் அவர் காட்டும் சைகையைப் பார்க்காமல் தன் இஷ்டத்துக்குப் போட்டேன் என்றும் அதே மூச்சில் ஒப்புக்கொண்டார்.

ஒரு நாள் வாக்கர் வளைவுப் பந்து கேட்டுச் சைகை காட்ட, முல்லேன் வேகப்பந்தை விட்டார். வாக்கர் அதைப் பிடித்துவிட்டு நேரே முல்லேனிடம் நடந்து போனார். சைகையே இல்லாமல் உனக்குப் பிடிக்கிறேன், ஆனால் நான் சைகை காட்டி நீ அதற்கு மாறாகப் போடுவதாக இருந்தால் பிடிக்க மாட்டேன் என்பது அவர் சொன்னதன் சாரம். அன்றிலிருந்து சீசன் முடியும்வரை, என்ன வரப்போகிறது என்றே தெரியாமல், முல்லேன் போட்ட எல்லாவற்றையும் வாக்கர் பிடித்தார்.

இந்த இடத்தை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். 50 அடி தூரம். கிட்டத்தட்ட வெறுங்கை. எதிரே நிற்பவர் சொந்த அணிக்காரர், ஆனால் பந்து எப்படி வரும் என்று சொல்ல மாட்டார். பந்து கையை விட்டுக் கிளம்பிய பிறகுதான் அது நேராக வருமா, வளையுமா என்று கண் முடிவு செய்ய வேண்டும். பதிவேட்டில் வாக்கரின் பெயருக்கு நேராகப் பிழைகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் எத்தனை முல்லேனுடையவை என்று அந்த அட்டவணையில் தனிப் பத்தி கிடையாது. அந்தப் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்து அவரைச் சுமாரான கேட்சர் என்று எழுதுபவர்களை நான் ஒப்புக்கொள்வதில்லை. அவரைப் பிடிக்காதவரே வேறு மாதிரிச் சாட்சி சொல்லியிருக்கிறார்.

முல்லேன் இதைச் சொன்னபோது வாக்கர் உயிரோடுதான் இருந்தார்.

தம்பி வெல்டியும் மேஜர் லீகில் ஆடினாரா?

ஆம், அதே 1884 ஜூலையில் டொலிடோவுக்கு வெளிப்புற ஆட்டக்காரர்கள் குறைந்தபோது சில ஆட்டங்கள். ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் எண்ணிக்கை.

வெல்டியை அதற்காக மட்டும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம். 1888-இல் ட்ரை-ஸ்டேட் லீக் கறுப்பின ஆட்டக்காரர்களை விலக்குவதாகச் செய்தி வந்தபோது, அவர் லீகின் தலைவருக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். ஸ்போர்ட்டிங் லைஃப் இதழ் மார்ச் 14 அன்று அதை அச்சிட்டது. இந்த விதி ஓஹியோ மாநிலச் சட்டத்தையே அவமதிக்கிறது, ஓர் ஆட்டக்காரரை விலக்க வேண்டுமானால் திறமைக் குறைவோ ஒழுக்கக் குறைவோ காரணமாக இருக்கட்டும், தோல் நிறம் வேண்டாம் என்பது அவர் வாதம். கெஞ்சல் இல்லாத கடிதம்.

ரிச்மண்ட் மிரட்டல் கடிதம்?

1884 செப்டம்பர் தொடக்கத்தில் வர்ஜினியாவின் ரிச்மண்டிலிருந்து மேலாளர் மார்ட்டனுக்கு ஒரு கடிதம் வந்தது. டொலிடோ அங்கே ஆட வரும்போது வாக்கர் சீருடையோடு மைதானத்தில் இறங்கினால், அவரைத் தாக்க 75 பேர் சபதம் எடுத்திருக்கிறார்கள் என்று நான்கு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். அணி ரிச்மண்ட் போனபோது வாக்கர் அணியிலேயே இல்லை.

ஏன் இல்லை? 42 ஆட்டங்களோடு எப்படி நின்றது?

காயம். கோடையில் மட்டையின் விளிம்பில் பட்டுத் தெறித்த பந்து அவர் விலா எலும்பை முறித்தது. அதிலிருந்து அவர் பழையபடி ஆட முடியவில்லை. செப்டம்பர் 4 அன்று கடைசியாக ஆடினார். அந்த மாதமே, 22-ஆம் தேதி, அணி அவரை விடுவித்தது. உடனிருந்தவர்கள் விரட்டினார்கள் என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். அந்த விடுவிப்பைப் பொறுத்தவரை காயம்தான் காரணம்.

சரி, காயம் ஆறிய பிறகு? டொலிடோவின் கையில் பணமில்லை. சீசன் முடிந்ததும் அமெரிக்கன் அசோசியேஷன் அணிகளைக் குறைத்தபோது டொலிடோ கழன்றுகொண்டது. வேறெந்த மேஜர் லீக் அணியும் அவரை எடுக்கவில்லை. அதற்குக் காயத்தைக் காரணம் சொல்ல முடியாது. ஏனென்றால் அடுத்த ஐந்து ஆண்டுகள் மைனர் லீகில் அவர் கேட்சராக ஆடிக்கொண்டேதான் இருந்தார்.

கறுப்பினத்தவர் ஆடக் கூடாது என்று எழுத்தில் விதி இருந்ததா?

மேஜர் லீக் விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அதுதான் அதன் பலமும். எழுதாத விதியை எதிர்த்து யாரிடம் முறையிடுவது? அணி உரிமையாளர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட புரிதல், அவ்வளவுதான்.

மைனர் லீகில் மட்டும் நாள் குறித்துச் சொல்ல முடியும்: 1887 ஜூலை 14. அப்போது வாக்கர் இன்டர்நேஷனல் லீகில் நியூவர்க் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். அவர் கேட்சர், ஜார்ஜ் ஸ்டோவி பிட்சர். இருவருமே கறுப்பினத்தவர், முல்லேன் மாதிரித் தொல்லை இல்லாத ஜோடி. அன்று ஆன்சனின் சிகாகோ நியூவர்க்குக்குக் காட்சி ஆட்டம் ஆட வந்தது. ஸ்டோவிக்கு உடம்பு சரியில்லை என்று அறிவித்தார்கள். வாக்கரும் ஆடவில்லை. 1883-இல் மார்ட்டன் செய்ததை நியூவர்க் செய்யவில்லை. அதே நாளில் லீக் நிர்வாகிகள் பஃபலோ நகரில் கூடி, இனிமேல் கறுப்பின ஆட்டக்காரர்களோடு புதிய ஒப்பந்தம் கூடாது என்று 6–4 வாக்கில் முடிவெடுத்தார்கள். ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருந்தவர்களை விட்டுவைத்தார்கள். அந்த லீகில் அப்போது ஸ்டோவி, ஃபிராங்க் கிராண்ட், பட் ஃபவுலர் எனத் திறமையானவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். கிராண்டும் ஃபவுலரும் பிற்காலத்தில், 2006-இலும் 2022-இலும், பேஸ்பால் புகழரங்கில் இடம் பெற்றார்கள். அவர்கள் காலத்தில் கிடைத்தது வெளியேறும் வழி.

ஆன்சன் ஒருவர்மேல் எல்லாப் பழியையும் போடுவது எளிது. அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்த ஆறு ஓட்டுகளை அவர் போடவில்லை. நாட்டின் காற்றே அப்போது திசை மாறிக்கொண்டிருந்தது: ஓட்டலிலும் ரயிலிலும் அரங்கிலும் பாகுபாடு கூடாது என்ற 1875-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1883 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 1896-இல் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்து வைப்பதையே சரி என்றும் தீர்ப்பளித்தது.

கடைசியாக எந்த அணிக்கு ஆடினார்?

சிரக்யூஸ் ஸ்டார்ஸ். 1888-இல் அந்த அணி பட்டம் வென்றது. 1889 ஆகஸ்டில் அவரை விடுவித்தார்கள். இன்டர்நேஷனல் லீகில் அவருக்கு அடுத்து ஆடிய கறுப்பினத்தவர் 1946-இல் மான்ட்ரியால் அணிக்கு வந்த ஜாக்கி ராபின்சன்.

கொலை வழக்கில் சிக்கினார் என்பது?

1891 ஏப்ரலில் சிரக்யூஸில், மதுக்கடை ஒன்றின் அருகே வெள்ளையர் சிலர் அவரை வழிமறித்து வம்புக்கு இழுத்தார்கள். கைகலப்பில் வாக்கர் தன் சட்டைப்பைக் கத்தியால் ஒருவரைக் குத்தினார். அவர் இறந்துவிட்டார். இரண்டாம் நிலைக் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது.

ஜூரியில் இருந்தவர்கள் அனைவரும் வெள்ளையர்கள். தற்காப்புக்காகச் செய்ததாக வாக்கர் வாதாடினார். ஜூன் 3 அன்று குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு வந்ததும் நீதிமன்றத்தில் இருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். சிரக்யூஸ் ரசிகர்களுக்கு அவரைப் பிடித்திருந்தது. எப்படியானாலும் ஓர் உயிர் போயிற்று. வாக்கர் அதிகம் குடிப்பவர் என்பதும் மறைக்க வேண்டிய செய்தியில்லை.

சிறைக்கும் போனாரா?

போனார். ரயில் அஞ்சல் எழுத்தராக வேலை பார்த்தபோது கடிதங்களிலிருந்து திருடியதாக 1898-இல் தண்டிக்கப்பட்டு ஓராண்டு சிறையில் இருந்தார். இதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதுபவர்கள் அவருக்கு நல்லது செய்வதாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 1895-இல் அரபெல்லா இறந்திருந்தார், மூன்று பிள்ளைகள், கைவிட்டுப் போன ஆட்டம். இவை திருட்டை நியாயப்படுத்தாது. அந்த ஆண்டுகள் எப்படிப் போயிருக்கும் என்பதை மட்டும் காட்டும்.

ஆட்டத்துக்குப் பிறகு வேறு என்ன செய்தார்?

பலருக்கும் தெரியாத பக்கம் இது. வாக்கர் கண்டுபிடிப்பாளரும்கூட. 1891-இல், அதாவது வழக்கு நடந்த அதே ஆண்டில், ஒருவகைப் பீரங்கிக் குண்டுக்குக் காப்புரிமை வாங்கினார்.

ஓபர்லினில் படித்த எட்னா மேசனை 1898-இல் மறுமணம் செய்துகொண்டார். 1904 முதல் ஓஹியோவின் கேடிஸ் ஊரில் இருவரும் ஓப்பரா ஹவுஸ் என்ற அரங்கை நடத்தினார்கள். நாடகம், இசை, பிறகு ஊமைப்படங்கள். படம் ஓட்டுவதில் அன்று ஒரு தொல்லை: ஒரு ரீல் முடியப்போவது ஆபரேட்டருக்குத் தெரியாமல் போனால் திரை வெளுத்துவிடும், கூட்டம் கத்தும். ரீல் முடியும் தறுவாயில் எச்சரிக்கும் கருவியை வாக்கர் வடிவமைத்தார். 1920-இல் இது சார்ந்து மூன்று காப்புரிமைகள் பெற்றார். அரங்கை நடத்துபவரின் கண்ணுக்குத்தான் இப்படிப்பட்ட குறை தெரியும். என்ன வரும் என்று தெரியாமல் பந்து பிடித்தவர், அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லும் கருவி செய்தார் என்பது எனக்கு மனத்தில் நிற்கிறது.

அதே 1920-இல் எட்னா இறந்தார். 1922-இல் அரங்கை விற்றுவிட்டார்.

அவர் எழுதிய நூல் எதைப் பற்றி?

1908-இல் ஸ்டூபன்வில்லில் அச்சான 47 பக்கச் சிறுநூல். 'நம் வீட்டுக் குடியேற்றம்' என்பது போலப் பொருள் வரும் தலைப்பு. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நேற்று, இன்று, நாளை பற்றிய ஆய்வு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தம்பி வெல்டியோடு சேர்ந்து 'ஈக்வேட்டர்' என்ற பத்திரிகையையும் நடத்தியிருந்தார்.

நூலின் முடிவு கசப்பானது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் இந்த நாட்டில் சமமாக வாழ முடியாது, கறுப்பினத்தவர் ஆப்பிரிக்காவுக்குப் போய்விடுவதுதான் ஒரே நிலையான தீர்வு என்கிறார். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து படித்த ஓபர்லினில் படித்தவர், வெள்ளையர் அணியில் ஆடியவர், வெள்ளை ஜூரியால் விடுதலை பெற்றவர் எழுதுகிறார் இதை. படிக்கும்போது வருத்தமாக இருக்கும். அவர் முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வர அவருக்கு இருந்த காரணங்களை மேலே பார்த்துவிட்டீர்கள். ஒவ்வொரு கதவும் அவருக்குத் திறந்து, அவர் உள்ளே போன பிறகு, அவருக்குப் பின்னால் வருபவர்கள் முகத்தில் சாத்தப்பட்டது.

அவர் ஆப்பிரிக்காவுக்குப் போகவில்லை. கேடிஸில் படம் ஓட்டிக்கொண்டிருந்தார்.

எப்போது இறந்தார்? கல்லறை எங்கே?

1924 மே 11 அன்று கிளீவ்லாந்தில், நிமோனியாவால். வயது 67. ஸ்டூபன்வில்லில் உள்ள யூனியன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். 1937-இல் இறந்த வெல்டிக்கும் அங்கேதான் இடம்.

வாக்கரின் குழிமேல் அன்று பெயர்க்கல் எதுவும் வைக்கவில்லை. 66 ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1990-இல் ஓபர்லின் கல்லூரியின் விளையாட்டுக் கழகத்தினர் அங்கே கல் நட்டார்கள். 2017-இல் ஓஹியோ மாநிலம் அவர் பிறந்த அக்டோபர் 7-ஐ மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் நாளாக அறிவித்தது.